போத், ஐதர், நைதர்: 'ரெண்டு' வரும் இடத்தில் ஆங்கிலம் இடறினால் எங்கே பார்ப்பது

"போத் லிப்ட் நாட் வொர்க்கிங்." ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தொழில்நுட்பர் தம்பி ஒருவர் கட்டட நிர்வாகிக்கு அனுப்பிய செய்தி இது. வந்த பதில் ஒரே சொல்: "விச்?" தம்பி "போத்" என்று மறுபடி எழுத, அவர் "போத்தா, ஒன்று மட்டுமா?" என்று திரும்பக் கேட்க, பத்து நிமிடம் அதிலேயே போய்விட்டது. அந்தப் பத்து நிமிடமும் பன்னிரண்டாவது மாடியில் ஒரு பாட்டி சக்கர நாற்காலியில், டயாலிசிஸுக்குக் கிளம்பி, மின்தூக்கிக்காகக் காத்திருந்தார்.

நான் சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு வேலைகளுக்கு ஒருங்கிணைப்பாளர். தளத்திலிருந்து வரும் செய்திகளைப் படித்து, திருத்தி, வாடிக்கையாளருக்கு அனுப்புவது என் வேலையில் பாதி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் நாலைந்து தம்பிகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலத்தோடு வந்து உட்காருவார்கள். இத்தனை வருஷத்தில் நான் அதிகம் திருத்தியது கஷ்டமான சொற்களை இல்லை. இரண்டு பொருளை, இரண்டு ஆளைக் குறிக்கும் இந்தச் சின்னச் சொற்களைத்தான். தவறு திரும்பத் திரும்ப அதே இடங்களில் வருவதால், அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

எதிராளி என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். அதுதான் அறிகுறி. அதற்கு நேரான தலைப்புக்குப் போங்கள். மற்றதைப் படிக்க வேண்டியதில்லை.

## அறிகுறி: "ரெண்டும் இல்லை" என்று எழுதினேன், "எது இல்லை?" என்று கேட்கிறார்கள்

முதலில் ஒன்றைப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் போத், நாட் ரெண்டும் இருக்கிறதா? இருந்தால் காரணம் அதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம். தமிழில் "ரெண்டும் ஓடவில்லை" என்றால் ரெண்டுமே நின்றுவிட்டன என்றுதான் பொருள். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால், "ரெண்டும் சேர்ந்து ஓடவில்லை, ஒன்று ஓடுகிறது" என்று படிக்கவும் இடம் இருக்கிறது. அதனால்தான் அந்த "விச்?"

சரிசெய்ய இரண்டு வழி.

எழுத நேரம் இருந்தால் போத்தையும் நாட்டையும் சேர்த்து எடுத்துவிட்டு நைதர் போடுங்கள்: "நைதர் ஆஃப் த லிப்ட்ஸ் இஸ் வொர்க்கிங்." நைதருக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது.

அவசரத்தில் நைதர் கைக்கு வராது. அப்போது போத் இருக்கட்டும், நாட் கேட்காத சொல்லுக்கு மாறுங்கள்: "போத் லிப்ட்ஸ் ஆர் டவுன்." நாட் வொர்க்கிங் என்பதற்கு டவுன், நாட் கம்மிங் என்பதற்கு ஆப்சென்ட், நாட் தேர் என்பதற்கு மிஸ்ஸிங், நாட் ஓப்பன் என்பதற்கு லாக்ட். இந்த நாலையும் தெரிந்து வைத்திருந்தாலே தளத்துச் செய்திகளில் முக்கால்வாசி சரியாகிவிடும். தம்பிகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான், நைதரை அப்புறம்.

### ஒன்று மட்டும்தான் பழுது என்றால்

"ஒன் ஆஃப் த டூ லிப்ட்ஸ் இஸ் டவுன்" என்று எழுதி, எது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்: லிப்ட் ஏ, லிப்ட் பி. எந்தப் பக்கம் என்று மட்டும் எழுத வேண்டாம். உள்ளே நிற்பவரின் இடமும் வெளியே நிற்பவரின் இடமும் வேறு.

### செய்யாதே என்று சொல்லும்போது

இங்கேதான் எனக்கு மிகவும் பயம். ஒரு நிலத்தடிப் பம்ப் அறையில் இரண்டு பம்புகள், ஒரே குழாயில் தண்ணீர் தள்ளுபவை. பகல் வேலைக்காரர் குழாயின் இணைப்பைக் கழற்றி வைத்திருந்தார். மேற்பார்வையாளர் ஒரு அட்டையில் "டோன்ட் ஆன் போத் பம்ப்ஸ்" என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் மனதில் இருந்தது "ரெண்டையும் போடாதே". இரவு வேலைக்கு வந்தவர் வேறு நாட்டுக்காரர். "ரெண்டையும் சேர்த்துப் போடாதே, ஒன்றைப் போடலாம்" என்று படித்தார். ஒன்றைப் போட்டார். கழற்றி வைத்த இடத்தில் தண்ணீர் பீறிட்டு அறை முழுக்க முழங்கால் அளவு நின்றது. இணைப்பைக் கழற்றியவர் அந்த நேரத்தில் தேநீர் குடிக்க மேலே போயிருந்தார். அதனால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் படித்தது தவறு என்று சொல்ல முடியாது. அந்த வாக்கியம் அதற்கும் இடம் கொடுக்கிறது.

சரிசெய்வது இப்படி. தடை சொல்லும் பலகையில் போத் என்ற சொல்லையே எழுதாதீர்கள். ஒவ்வொரு பம்புக்கும் தனி அட்டை: "டு நாட் ஸ்விட்ச் ஆன்." ஒரே அட்டைதான் இருக்கிறது என்றால் "டு நாட் ஸ்விட்ச் ஆன் பம்ப் 1 ஆர் பம்ப் 2". கீழே தமிழிலும் ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் வங்காளம் தெரிந்தவரைக் கொண்டு அதிலும் ஒரு வரி.

மின்சாரம், அழுத்தம், உயரம், மூடிய தொட்டி ஆகியவற்றில் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால் சொல்லைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டு, ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு அட்டை மாட்டச் சொல்லுங்கள். பூட்டை யாரும் வேறு மாதிரி படிக்க முடியாது.

ஒரு விஷயம். காப்பிக்கடையில் "போத் ஆல்சோ டோன்ட் ஹேவ்" என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். அதைத் திருத்தச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அதன் இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. முகத்தையும் கையையும் பார்க்க முடியாத இடத்தில், அதாவது எழுத்தில்தான், அது கைவிட்டுவிடும்.

## அறிகுறி: நைதர் சரியாகப் போட்டும் பிள்ளையின் தாளில் சிவப்பு வட்டம்

தொடக்கநிலை 5, 6 பெற்றோர் அதிகம் கேட்பது இது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆங்கிலத்தின் இரண்டாம் தாளில் வாக்கியங்களை இணைத்தும் மாற்றியும் எழுதும் பகுதி ஒன்று இருக்கிறது. கேள்விக்கு 2 மதிப்பெண், மொத்தம் 10. ஐதர், நைதர், போத் மூன்றும் அங்கே வழக்கமான விருந்தாளிகள். தாளை எடுத்து இந்த வரிசையில் பாருங்கள்.

நாட் மிச்சம் இருக்கிறதா? "ஹி டிட் நாட் ஈட் நைதர் ரைஸ் நார் நூடல்ஸ்" என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். கேள்வியில் கொடுத்த வாக்கியத்தில் நாட் இருக்கும். அதை அப்படியே இழுத்து வந்துவிடுவார்கள். நைதர் வந்தால் நாட் போக வேண்டும்: "ஹி ஏட் நைதர் ரைஸ் நார் நூடல்ஸ்." நாட் போகும்போது டிட்டும் போகிறது, ஈட் என்பது ஏட் ஆகிறது. பாதிப் பிள்ளைகள் நாட்டை மட்டும் எடுத்துவிட்டு இந்தக் கடைசிப் படியை மறந்துவிடுவார்கள்.

ஜோடி மாறியிருக்கிறதா? ஐதருக்கு ஆர், நைதருக்கு நார், போத்துக்கு அண்ட். போத் போட்டுவிட்டு "ஆஸ் வெல் ஆஸ்" என்று தொடர்ந்தால் மதிப்பெண் போகும்.

வினை எந்தப் பெயரைப் பார்க்கிறது? ஐதர், நைதர் இரண்டிலும் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்தான் கணக்கு. "நைதர் குமார் நார் ஹிஸ் பிரதர்ஸ் ஆர் அட் ஹோம்", ஆனால் "நைதர் ஹிஸ் பிரதர்ஸ் நார் குமார் இஸ் அட் ஹோம்". போத் வந்தால் வினை எப்போதும் ஆர் அல்லது வேர். "நைதர் ஆஃப்" என்று வந்தால் தேர்வில் இஸ் அல்லது வாஸ் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் ஆர் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அது பேச்சோடு இருக்கட்டும்.

கடைசியாக இடம். நைதருக்குப் பின்னால் வருவதும் நாருக்குப் பின்னால் வருவதும் ஒரே வகையா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "நைதர் லைக்ஸ் டீ நார் காபி" என்பதில் ஒரு பக்கம் வினையோடு இருக்கிறது, மறுபக்கம் வெறும் காபி. லைக்ஸ் முன்னால் போக வேண்டும்: "லைக்ஸ் நைதர் டீ நார் காபி." பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இதற்காகவே இரண்டு நிறப் பென்சில் வைத்திருந்தாள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நிறம் தீட்டி, நீளம் ஏறுக்குமாறாக இருந்தால் தானே அழித்து எழுதிவிடுவாள். நான் சொல்லிக் கொடுத்ததைவிட அவள் கண்டுபிடித்தது நல்ல வழி.

ஆசிரியரிடம் எப்போது போவது? இந்த நாலும் சரியாகி, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் பிள்ளை தடுமாறினால். "இரண்டு பேருமே வரவில்லை" என்ற கதையைப் படித்துவிட்டு ஐதர் எழுதுகிற பிள்ளைக்கு இன்னும் நூறு பயிற்சித்தாள் கொடுத்துப் பயனில்லை. வாசித்ததில் என்ன புரிந்தது என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு வகுப்பாசிரியர்தான் சரியான ஆள். துணைப்பாடத்துக்குப் பணம் கட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

## அறிகுறி: "எனக்கும் தெரியாது" என்று சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள்

இது சுலபம். "ஐ ஆல்சோ டோன்ட் நோ" என்று சொல்லியிருப்பீர்கள். ஆல்சோவை எடுத்துவிட்டு வாக்கியத்தின் கடைசியில் ஐதர் வையுங்கள்: "ஐ டோன்ட் நோ ஐதர்." பேச்சில் "மீ நைதர்" போதும். நேர்முகத் தேர்வு மாதிரி இடத்தில் "நைதர் டூ ஐ". இல்லை என்று வரும் வாக்கியத்தில், 'கூட' என்ற பொருளில் கடைசியில் வரும் டூ, ஆல்சோ இரண்டையும் மறந்துவிடுங்கள்.

## அறிகுறி: போத் எங்கே வைத்தாலும் இடறுகிறது

"என் ரெண்டு பையன்களும்" என்பதை "மை போத் சன்ஸ்" என்று எழுதிவிடுகிறோம். போத் எப்போதும் முன்னால்: "போத் மை சன்ஸ்" அல்லது "போத் ஆஃப் மை சன்ஸ்". "த போத்" என்பது கிடையாது. "போத் தெம்" என்பதும் கிடையாது, "போத் ஆஃப் தெம்".

இடம் சரியாக இருந்தும் இடறுகிறது என்றால் உறவைச் சொல்லும் வாக்கியமா என்று பாருங்கள். "போத் ஆர் ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்", "போத் ஆர் சேம்". இதற்கு ஒரு சோதனை உண்டு. இருவரில் ஒருவரை எடுத்துவிட்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். "போத் ஆர் ஆப்சென்ட்" என்பதில் ஒருவரை எடுத்தால் "கலா இஸ் ஆப்சென்ட்", சரியாக நிற்கிறது. "கலா இஸ் ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்" நிற்காது. நிற்காத இடத்தில் போத் வேண்டாம், தே போதும்: "தே ஆர் ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்", "தே ஆர் த சேம்".

## அறிகுறி: பணம் பாதி வந்தது, அல்லது இரண்டு மடங்கு போனது

தமிழில் நமக்கு 'ஆளுக்கு', 'தலா' என்று அருமையான சொற்கள் இருக்கின்றன. "ரெண்டு பேருக்கும் ஐம்பது வெள்ளி" என்று சொன்னால்கூட யாராவது "ஆளுக்கா, சேர்த்தா?" என்று கேட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. "பே ஃபிஃப்டி டாலர்ஸ் டு போத்" என்று நான் அனுப்பிய செய்திக்கு, கணக்குப் பிரிவில் இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரித்துப் போட்டார்கள். இரண்டு தம்பிகளும் அந்த மாதம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம்தான் ஒருவர் தயங்கித் தயங்கி, "அக்கா, ஓவர்டைம் காசு குறைஞ்சிருக்கு" என்றார். அந்தத் தயக்கம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

'ஆளுக்கு' என்பதற்கு ஈச்: "ஃபிஃப்டி டாலர்ஸ் ஈச்". 'சேர்த்து' என்பதற்கு "இன் டோட்டல்". எண் இருக்கும் வாக்கியம் எதுவானாலும் போத் இருந்தால் அதை அடித்துவிட்டு இந்த இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

எடைக்கும் இதே கதைதான். "போத் பாக்ஸஸ் வெய் 40 கிலோ" என்றால் ஒரு பெட்டி 20 கிலோவா, 40 கிலோவா? ஒருவர் தூக்கலாமா, இருவர் வேண்டுமா என்பது அதில்தான் இருக்கிறது. இடுப்பு பிடித்துக்கொண்டால் போக வேண்டிய இடம் மருத்துவர். சம்பளம் குறைந்து, நிறுவனத்தில் கேட்டும் பதில் இல்லையென்றால் போக வேண்டிய இடம் மனிதவள அமைச்சு, அல்லது வெளிநாட்டு ஊழியர் நிலையம்.

## அறிகுறி: நாங்கள் இருவர் என்றால், அவர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்

"போத் ஆஃப் அஸ் வில் கம் ஆன் சாட்டர்டே." எழுதியவர் மனதில் இருந்தது 'நாங்கள் இருவரும்', அதாவது அவரும் அவர் கூட்டாளியும். படித்த பொறியாளர் 'நாம் இருவரும்' என்று எடுத்துக்கொண்டு, விடுமுறை நாளில் உட்லண்ட்ஸிலிருந்து துவாஸுக்குப் போய் நின்றார். நமக்கு நாம், நாங்கள் என்று தனித்தனியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அஸ் ஒன்றுதான்.

இதற்குச் சொல்லை மாற்றிப் பயனில்லை. பெயரை எழுதுங்கள். "மணி அண்ட் ஐ வில் கம். யூ டோன்ட் நீட் டு." அவ்வளவுதான்.

## அறிகுறி: பொருளின் எண்ணிக்கை தப்பாக வருகிறது

*கையுறை, காலணி, காது அடைப்பான்.* "டென் க்ளவ்ஸ்" என்றால் பத்துக் கையுறை, ஐந்து பேருக்குத்தான் ஆகும். "டென் பேர்ஸ் ஆஃப் க்ளவ்ஸ்" என்று ஜோடிக் கணக்கில் எழுதுங்கள். கடைக்காரர் பெட்டிக் கணக்கில் விற்பவர் என்றால் ஒரு பெட்டியில் எத்தனை ஜோடி என்று கேட்டு, அதையும் எழுதுங்கள்.

*கத்தரிக்கோல், கால்சட்டை, மூக்குக் கண்ணாடி.* நமக்கு இவை ஒருமை. ஆங்கிலத்தில் ஒன்றே ஆனாலும் பன்மை: சிசர்ஸ், டிரௌசர்ஸ், கிளாஸஸ். "ஒன் சிசர்" கிடையாது, "எ பேர் ஆஃப் சிசர்ஸ்". "எ பேர் ஆஃப்" முன்னால் வந்தால் வினை இஸ், வராவிட்டால் ஆர்.

*இரட்டையர்.* ஒரு பிள்ளை ட்வின், இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் ட்வின்ஸ். "ஹி இஸ் மை ட்வின்ஸ்" என்பது தவறு, "ஹி இஸ் மை ட்வின் பிரதர்". இங்கே இன்னொரு வம்பு உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது ஹோட்டல் அறை பதிவு செய்தால், ட்வின் ரூம் என்பதில் தனித்தனியாக இரண்டு கட்டில், டபுள் ரூம் என்பதில் இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய கட்டில். வேலைக்கு வரும் இரு ஆண்களுக்கு டபுள் போட்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வரவேற்பு மேசையில் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

*தம்பதி.* ஒரு ஜோடி என்றால் கப்பிள். 'தம்பதியர்' என்று தமிழில் பன்மையாகச் சொல்லும் பழக்கத்தில் திருமண அழைப்பிதழில் "பிளெஸ் த கப்பிள்ஸ்" என்று அச்சடித்துவிடுகிறார்கள். ஒரே மணமேடையில் இரண்டு கல்யாணம் நடந்தால்தான் அது சரி. அச்சுக்குக் கொடுக்கும் முன் பாருங்கள், அச்சான பின் செலவு.

*இன்னொரு சாவி.* "ஒன் கீ இஸ் வித் மி, அனதர் கீ இஸ் வித் த கார்ட்" என்றால் மூன்றாவது சாவி எங்கே என்று கேட்பார்கள். மொத்தம் இரண்டுதான் என்றால் அனதர் வேண்டாம், "தி அதர்". மற்றது என்று ஒன்றே ஒன்று மிஞ்சும்போது தி அதர். எத்தனையோ மிச்சம் இருக்கும்போது அனதர்.

## அறிகுறி: தேதி சொல்லியும் ஆள் வேறு நாளில் வருகிறார்

சொல் "எ கப்பிள் ஆஃப் டேஸ்" என்றால் எதிராளி அதைச் சரியாக இரண்டு நாள் என்று எடுத்திருக்கலாம், நீங்கள் 'ஓரிரு நாள்' என்று நினைத்திருக்கலாம். அகராதி இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. கிழமையைப் போடுங்கள்.

சொல் பைவீக்லி, பைமன்த்லி என்றால் நிலைமை இன்னும் மோசம். பைவீக்லி என்பதற்கு வாரம் இரண்டு முறை என்றும் பொருள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றும் பொருள். பைமன்த்லியும் அப்படியே. பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் கையெழுத்துக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்: "ட்வைஸ் எ வீக்" அல்லது "எவ்ரி டூ வீக்ஸ்". வருஷத்துக்கு 104 முறை வருவதற்கும் 26 முறை வருவதற்கும் விலை ஒன்றாக இருக்குமா?

ஆல்டர்னேட் சாட்டர்டே என்றால் ஒரு சனி விட்டு ஒரு சனி. அதில் பொருள் குழப்பம் இல்லை. எந்தச் சனியிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் சண்டை வரும். முதல் சனியின் தேதியை எழுதி வாங்குங்கள். ஐந்து சனி வரும் மாதத்தில் முதல் சனி, மூன்றாவது சனி என்று சொன்ன கணக்கு உதைக்கும், தேதிக் கணக்கு உதைக்காது.

"பிட்வீன் 8 டு 5" என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் திருத்தப்படும். பிட்வீனுக்கு அண்ட், ஃப்ரமுக்கு டு.

## அறிகுறி: மூன்று பேர் இருக்கும்போது சொல் ஒத்து வரவில்லை

இந்தச் சொற்கள் இரண்டோடு நின்றுவிடும். மூன்றானால் போத் என்பது ஆல், நைதர் என்பது நன், ஐதர் என்பது எனி. ஒப்பிடும்போது இருவரில் எல்டர், மூவரில் எல்டஸ்ட்.

ஈச் அதர் இருவருக்கு, ஒன் அனதர் பலருக்கு என்று பழைய பாடப்புத்தகம் சொல்லும். நல்ல எழுத்தாளர்களே இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிட்வீனும் அப்படித்தான், மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி எழுதும்போது பிட்வீன் தவறில்லை.

ஃபார்மர், லாட்டர் இரண்டும் இருவருக்கு மட்டும்: முன்னால் சொன்னவர், பின்னால் சொன்னவர். லாட்டரில் டி எழுத்து இரண்டு முறை வர வேண்டும். ஒன்று குறைந்தால் அது லேட்டர், 'அப்புறம்' என்று பொருள் மாறிவிடும். என் ஆலோசனை, மின்னஞ்சலில் இவை வேண்டவே வேண்டாம், பெயரைத் திரும்ப எழுதுங்கள். ஆனால் இந்த ஃபார்மர் நம் ஊர் வங்கியில் காத்துக்கொண்டிருக்கிறது, அது கீழே.

## அறிகுறி: படிவத்தில் ஐதர், போத், ஜாயின்ட் என்று இருக்கிறது, கையெழுத்துக் கேட்கிறார்கள்

இது வரை பார்த்தவற்றில் தவறினால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். இங்கே முடியாது. அதனால் நிதானமாகப் படியுங்கள்.

### வேலை ஒப்பந்தத்தில் "ஐதர் பார்ட்டி"

"ஐதர் பார்ட்டி மே டெர்மினேட்" என்றால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். நிறுவனம் மட்டும் இல்லை, நீங்களும். வேலை நியமனச் சட்டப்படி முன்னறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் சட்டமே அளவு வைத்திருக்கிறது: 26 வாரத்துக்குக் குறைவான வேலைக்கு 1 நாள், 2 வருஷத்துக்குள் 1 வாரம், 5 வருஷத்துக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். உங்களுக்கு ஒரு மாதம், நிறுவனத்துக்கு ஒரு வாரம் என்று தாளில் இருந்தால் அது சொல் பிரச்சினை இல்லை. மனிதவள அமைச்சிடம் கேளுங்கள்.

### "ஆன் ஐதர் சைட்"

இது பெரும்பாலும் 'ஏதாவது ஒரு பக்கம்' இல்லை, இரண்டு பக்கமும். இரண்டு பக்கமும் தடுப்பு வைக்கச் சொன்ன இடத்தில் ஒரு பக்கம் மட்டும் வைத்த குழுவை நான் பார்த்திருக்கிறேன்.

### "ஜாயின்ட்லி அண்ட் செவரலி"

நண்பருக்காக இருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால், பாதிப் பாதி என்று நினைக்கிறோம். இந்த மூன்று சொல் இருந்தால் கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். மற்றவரிடம் பாதியை வாங்குவது உங்கள் பாடு. இதைப் பார்த்தவுடன் பேனாவை மூடிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட ஆலோசனை நடத்தும் இடங்கள் இங்கே இருக்கின்றன. சமூக மன்றத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

### வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பெயர்

ஜாயின்ட் டெனன்சி என்றால் பங்கு பிரிக்காத உரிமை. ஒருவர் காலமானால் வீடு மற்றவருக்கு வரும், உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும். டெனன்சி இன் காமன் என்றால் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு. அந்தப் பங்கு அவரவர் உயில்படி, உயில் இல்லையென்றால் சட்டப்படி போகும். இரண்டு பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எந்த வகை என்று பாருங்கள். மாற்ற வேண்டுமானால் வழக்கறிஞர்.

### வங்கியில் கூட்டுக் கணக்கு

சிங்கப்பூரில் ஜாயின்ட் ஆல்டர்னேட் என்றால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும். ஜாயின்ட் ஆல் என்றால் எல்லோரும் போட வேண்டும். ஊரில், அதாவது இந்தியாவில், ஐதர் ஆர் சர்வைவர் என்றால் இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர். ஃபார்மர் ஆர் சர்வைவர் என்றால் முதலில் பெயர் எழுதியவர் மட்டும். அவர் இருக்கும் வரை இரண்டாமவரால் எடுக்க முடியாது.

எங்கள் கீழ்த்தள வகுப்புக்கு வரும் அண்ணன் ஒருவர் பல வருஷமாக வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கில் பணம் போட்டுவந்தார். இரண்டாவது பெயர் அண்ணியுடையது. அண்ணி ஊரில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கப் போனபோது வங்கியில் முடியாது என்றார்கள். அண்ணன் அண்ணியிடம் பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை என்னிடம் நீட்டினார். அதில் இருந்தது ஃபார்மர் ஆர் சர்வைவர். இந்தியாவில் வசிக்கும் உறவினரைச் சேர்த்தால் அந்த வகைக் கணக்கு அப்படித்தான் இருக்க முடியும். அதை ஐதர் என்று மாற்றவும் வழியில்லை. அண்ணன் இருக்கும் போது அண்ணி எடுக்க வேண்டுமானால் அண்ணிக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் வங்கிக்காரரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ மூன்று கேள்வி கேளுங்கள். நான் மட்டும் வந்தால் எடுக்கலாமா? அவர் மட்டும் வந்தால்? எங்களில் ஒருவர் இல்லாமல் போனால்? பதில்களை அதே படிவத்தின் நகலில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

அண்ணன் அடுத்த விடுப்பில் ஊருக்குப் போய்ப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நகலின் ஓரத்தில் அண்ணியின் கையெழுத்தில், தமிழில், ஒரு வரி இருந்தது: "நான் மட்டும் போனாலும் எடுக்கலாம்."